காப்புரிமை நோட்டீஸ் வந்தால்: பணமா, வழக்கா, மறுஆய்வா?

அமெரிக்காவில் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் சென்னையில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும், அதற்கு ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் வரக்கூடும்: உங்கள் தயாரிப்பு எங்கள் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, உரிமம் பெற விரும்பினால் இத்தனை நாளுக்குள் தொடர்புகொள்ளுங்கள். சில சமயம் அந்தக் கடிதம்கூட வராது. டெக்சாஸில் தாக்கலான வழக்கின் நகல்தான் நேராக வந்து சேரும். பணம் கொடுத்து உரிமம் வாங்கலாம், நீதிமன்றத்தில் மோதலாம், அந்தக் காப்புரிமையே செல்லாது என்று காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போடலாம், கையிலுள்ள காப்புரிமைகளைக் கொண்டு எதிர்வழக்குத் தொடரலாம், தயாரிப்பை மாற்றியமைக்கலாம். இவற்றுள் எதைத் தேர்வது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் கேட்பது, நாம் மீறியிருக்கிறோமா என்பதைத்தான். தேவையான கேள்விதான் அது. ஆனால் அதைவிட முந்திக் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு: அனுப்பியவர் யார், இந்தச் சண்டையில் அவர் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

அனுப்பியவர் சந்தையில் பொருள் விற்கும் போட்டியாளராக இருந்தால், அவரும் யாருடைய காப்புரிமையையாவது மீறிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 2012 மார்ச்சில் யாகூ, ஃபேஸ்புக் மீது 10 காப்புரிமைகளை வைத்து வழக்குத் தொடர்ந்தது. ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வரத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. வழக்கு என்ற சொல்லே முதலீட்டாளர்களை மிரட்டும் என்று யாகூ கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஃபேஸ்புக் பணத்தை நீட்டவில்லை. ஐபிஎம்மிடமிருந்து சுமார் 750 காப்புரிமைகளை வாங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் யாகூ மீதே 10 காப்புரிமைகளோடு எதிர்வழக்குப் போட்டது. அதே மாதத்தில், ஏஓஎல்லிடமிருந்து மைக்ரோசாஃப்ட் வாங்கியிருந்தவற்றில் சுமார் 650-ஐ 55 கோடி டாலருக்குப் பெற்றது. ஜூலையில் இரு நிறுவனங்களும் ஒன்றின் காப்புரிமைகளை மற்றது பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்குகளைத் திரும்பப் பெற்றன. பணம் கைமாறவில்லை.

யாகூ தன் விளம்பர வருமானத்தை நம்பி வாழ்ந்த நிறுவனம். அந்த வருமானத்துக்கே ஆபத்து என்றானபோது அதுவும் சமரசத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் இந்த வழிக்கு ஆகும் செலவைப் பாருங்கள். 2011-இல் நார்டெல் நிறுவனத்தின் சுமார் 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தபோது ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி டாலர் கொடுத்தது. ஏலத்தில் தோற்ற கூகுள், அடுத்த சில வாரங்களிலேயே மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதோடு வந்த காப்புரிமைகள் ஏறத்தாழ 17,000. பிறகு கைபேசித் தொழிலை லெனோவோவுக்கு விற்றபோதும் பெரும்பாலான காப்புரிமைகளைக் கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் கனவில்கூட எட்ட முடியாத தொகைகள் இவை.

சிறியவர்களுக்கு இதற்கு ஈடாக இருப்பவை கூட்டமைப்புகள். லினக்ஸைச் சுற்றி 2005-இல் தொடங்கிய ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கின் உறுப்பினர்கள், லினக்ஸ் தொடர்பாக ஒருவர் மீது ஒருவர் காப்புரிமை வழக்குப் போடுவதில்லை என்று உறுதியளிக்கிறார்கள். 2018-இல் மைக்ரோசாஃப்டே 60,000 காப்புரிமைகளோடு அதில் சேர்ந்தது. 2014-இல் கூகுள், கேனான், டிராப்பாக்ஸ் போன்றவை தொடங்கிய லாட் நெட்வொர்க்கின் ஏற்பாடு வேறு. ஓர் உறுப்பினரின் காப்புரிமை, வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் போய்ச் சேர்ந்தால், அந்தக் கணமே மற்ற உறுப்பினர்களுக்கு அதில் உரிமம் கிடைத்துவிடும். இரண்டிலும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். சேரும் செலவு சிறு நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதால், இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அனுப்பியவர் எந்தப் பொருளும் விற்காதவராக இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். திவாலான நிறுவனங்களிடமிருந்தும் தனி கண்டுபிடிப்பாளர்களிடமிருந்தும் காப்புரிமைகளை வாங்கி, அவற்றை வைத்து வசூலிப்பதே வேலையாக இருக்கும் நிறுவனங்களைப் பேட்டன்ட் ட்ரோல் என்று துறையில் சொல்கிறார்கள். அவர்களிடம் தயாரிப்பு இல்லை. உங்களிடம் பத்தாயிரம் காப்புரிமைகள் இருந்தாலும் அவர்கள் மீது எதிர்வழக்குப் போட வழியில்லை. அவர்களுக்கு இழக்க இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காப்புரிமை.

இணையக் கடையின் 'ஷாப்பிங் கார்ட்' மீது உரிமை கொண்டாடிய சோவரைன் நிறுவனத்தின் கதையில் இது தெளிவாகத் தெரிகிறது. 2005-இல் அமேசான் அதனுடன் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கொடுத்துவிட்ட பிறகு மற்றவர்களை மிரட்டுவது எவ்வளவு எளிது! சோவரைன் அடுத்தடுத்துப் பல சில்லறை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. கணினி உதிரிபாகங்களை விற்கும் நியூஎக் மட்டும் பிடிவாதமாக நின்றது. அதன் சட்டப் பிரிவுத் தலைவர் லீ செங், ட்ரோல்களோடு சமரசமே இல்லை என்பதை நிறுவனத்தின் கொள்கையாகவே வைத்திருந்தார். 2010-இல் டெக்சாஸின் டைலர் நகர ஜூரி நியூஎக்குக்கு எதிராக 25 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. நியூஎக் மேல்முறையீட்டுக்குப் போனது. கம்ப்யூசர்வ் மால் என்ற பழைய இணையச் சந்தை இதே வேலையை முன்பே செய்துகொண்டிருந்தது என்ற வாதத்தை ஏற்று, 2013 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமையின் கோரல்கள் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறது என்று அதில் எழுதியிருக்கும் வரிகள்) செல்லாது என்று தீர்த்தது. அதோடு சோவரைனின் ஷாப்பிங் கார்ட் வசூல் முடிந்தது. அமேசான் கொடுத்த 4 கோடி டாலர் திரும்பவில்லை.

உடனே பணம் கொடுத்துவிடுவதுதான் மலிவான வழி என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த வழக்கைத்தான். வழக்குச் செலவோடு மட்டும் ஒப்பிட்டால் மலிவுதான். அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை விசாரணைவரை நடத்தப் பல லட்சம் டாலர்கள் போகும், பல வேளை பத்து லட்சங்களைத் தாண்டும். நோட்டீஸ் அனுப்புபவர் தன் தொகையை அதற்குச் சற்றுக் கீழே வைப்பதும் இதனால்தான். ஆனால் முதல் மாதமே பணம் கொடுத்த நிறுவனம் எது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துபோகும். அடுத்த கடிதம் வேறு ஒருவரிடமிருந்து வரும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நீதிமன்றத்தில் மோதுவது வீரமாகத் தோன்றினாலும் அதன் விதிகள் உங்களுக்குச் சாதகமானவை அல்ல. காப்புரிமை செல்லாது என்று நிரூபிக்க, சந்தேகத்துக்கு அதிகம் இடம் தராத வலுவான சான்று வேண்டும். மைக்ரோசாஃப்டுக்கும் ஐ4ஐ என்ற கனடிய நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தீர்ப்பளிக்கும் ஜூரியில் பொறியியல் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. நியூஎக்கின் இன்னொரு வழக்கில், இணையத்தில் தகவலைப் பாதுகாக்கும் பொதுத் திறவுகோல் குறியாக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்ஃபீல்ட் டிஃபியே நேரில் வந்து சாட்சி சொன்னார். அப்படியும் 2013-இல் ஜூரி நியூஎக்குக்கு எதிராகவே முடிவுசெய்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மீறலே நடக்கவில்லை என்று நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்ய வேண்டியிருந்தது. எங்கே வழக்கு நடக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லாமல் போகலாம். 2017-இல் டிசி ஹார்ட்லேண்ட் வழக்கின் தீர்ப்பு, அமெரிக்க நிறுவனங்களை, காப்புரிமைக்காரர்கள் விரும்பித் தேர்ந்த டெக்சாஸின் மார்ஷல் நகருக்கு இழுப்பதை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றை எந்த மாவட்டத்திலும் வழக்குக்கு இழுக்கலாம். இந்தியாவில் மட்டும் பதிவுசெய்துகொண்டு அங்கே விற்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இன்னொரு பாதை 2012 செப்டம்பரில் திறந்தது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்தில் நடக்கும் இந்த மறுஆய்வைச் சுருக்கமாக ஐபிஆர் (இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ) என்கிறார்கள். ஜூரி கிடையாது, தொழில்நுட்பம் படித்த நிர்வாக நீதிபதிகள் மூவர் விசாரிப்பார்கள். சான்றின் எடை உங்கள் பக்கம் சற்றே கூடுதலாக இருந்தாலே போதும். முன்பே வெளியான காப்புரிமைகள், அச்சில் வந்த ஆவணங்கள் ஆகியவற்றை மட்டுமே சான்றாகக் காட்ட முடியும். மனுவை ஏற்றால் பொதுவாக ஓராண்டுக்குள் முடிவு. விசாரணைவரை போகும் வழக்கோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. வழக்கின் நகல் உங்களுக்கு முறைப்படி வந்துசேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கதவு மூடிவிடும். அடுத்தது, எதிராளிக்கு முன்னால் நீங்களே நீதிமன்றம் போய் அந்தக் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கக் கோரி வழக்குப் போட்டுவிட்டால், அதன் பிறகு இந்த மறுஆய்வைக் கேட்கும் உரிமை போய்விடும். துணிச்சலாக முதல் அடி எடுத்து வைப்பவர் தன் மலிவான ஆயுதத்தை இழக்கிறார். இறுதி முடிவு உங்களுக்கு எதிராக வந்தாலும் சிக்கல்தான்: அங்கே வைத்த, வைத்திருக்கக்கூடிய வாதங்களை நீதிமன்றத்தில் மறுபடி எடுக்க முடியாது.

எப்போது இந்தப் பாதையில் இறங்குகிறோம் என்பதற்கு எவ்வளவு விலை இருக்கிறது என்பதை ஆப்பிளும் அதன் மீது காப்புரிமை வழக்குத் தொடர்ந்த விர்னெட்எக்ஸ் நிறுவனமும் நடத்திய சண்டையில் பார்க்கலாம். 2010-இல் தொடங்கிய சண்டை அது. முதல் வழக்கில் எல்லா மேல்முறையீடுகளும் முடிந்து, 2020 மார்ச்சில் ஆப்பிள் சுமார் 45.4 கோடி டாலரைக் கட்டியது. இரண்டாவது வழக்கில் அதே ஆண்டு அக்டோபரில் ஜூரி மேலும் 50.28 கோடி டாலர் தீர்ப்பளித்தது. இதற்கிடையே வேறு ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கி ஆப்பிளும் சேர்ந்துகொண்ட மறுஆய்வில் அந்தக் காப்புரிமைக் கோரல்கள் செல்லாதவை என்று முடிவானது; 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இரண்டாவது தொகை அப்படியே கரைந்துபோனது. முதல் தொகை கொடுத்தது கொடுத்ததுதான். செல்லாது என்ற முடிவு, கடைசித் தீர்ப்பு வருவதற்கு முன்பு வந்தால்தான் காப்பாற்றும்.

இன்று இந்த வழியைப் பரிந்துரைக்கும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2025 முதல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், சான்று வலுவாக இருந்தாலும் தன் விருப்புரிமையின்படி மறுஆய்வு மனுக்களை மறுக்கும் போக்கைக் கடுமையாக்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் காப்புரிமைகளுக்கு இது கூடுதல் கவசமாகிறது. எளியவர்களின் கையிலிருந்த கருவியை மழுங்கடிக்கும் மாற்றம் இது என்றே நான் கருதுகிறேன். அதனால் பழைய, எளிமையான 'எக்ஸ் பார்ட்டே' மறுபரிசீலனையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், வழக்கறிஞர் வழியாகப் பெயர் சொல்லாமலும் கேட்கலாம். குறை என்னவென்றால், விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு காப்புரிமைக்காரரும் அலுவலகமும் மட்டுமே பேசிக்கொள்வார்கள். உங்களுக்கு அதில் இடமில்லை.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இந்த வழிகளை ஒன்றோடு ஒன்று கோத்துக் காட்டியது. 2017-இல் பிளாக்பேர்ட் என்ற நிறுவனம் அதன் மீது வழக்குப் போட்டது. அந்தக் காப்புரிமை கைமாறிய ஆவணத்தில் ஒரு டாலரும் 'பிற மதிப்புள்ள பிரதிபலனும்' என்றுதான் இருந்தது. கிளவுட்ஃபிளேர், பிளாக்பேர்டின் காப்புரிமைகளுக்கு முந்தைய சான்றுகளை, அதாவது அந்த யோசனைகள் ஏற்கெனவே இருந்தன என்று காட்டும் ஆவணங்களை, கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு 50,000 டாலர் பரிசு அறிவித்தது. தன் மீது வழக்குப் போட்ட காப்புரிமைக்கு மட்டுமல்ல, பிளாக்பேர்டிடம் இருந்த அத்தனைக்கும் சேர்த்தே அறிவித்தது. இழக்க ஒன்றுமே இல்லாதவருக்கு இழப்பை உண்டாக்கிய உத்தி அது. 2018-இல் நீதிபதி அந்தக் காப்புரிமை வெறும் கருத்தளவிலானது என்று தள்ளுபடி செய்தார். வெறும் கருத்தைக் கணினியில் ஓட்டுவதற்கு மட்டும் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 2014-இன் ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு மென்பொருள் நிறுவனங்களுக்குக் கிடைத்த தொடக்கநிலை வாய்ப்பு இது. பெருஞ்செலவு தொடங்குவதற்கு முன்பே வழக்கை முடித்துவிடலாம். 2021-இல் சேபிள் என்ற இன்னொரு நிறுவனம் நான்கு காப்புரிமைகளோடு வந்தது. 2024 பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தபோது ஒரே ஒரு கோரல்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் மீறப்படவில்லை, செல்லவும் செல்லாது என்று டெக்சாஸின் வேகோ நகர ஜூரியே சொல்லிவிட்டது. கடைசியில் சேபிள் 2,25,000 டாலரைக் கிளவுட்ஃபிளேருக்குக் கொடுத்து, தன் காப்புரிமைகளைப் பொதுமக்களுக்கே அர்ப்பணிக்க ஒப்புக்கொண்டது.

அதற்கெல்லாம் வசதி வேண்டும் என்று நினைப்பவர்கள் க்னோம் அறக்கட்டளையைப் பார்க்கலாம். புகைப்படங்களை ஒழுங்குபடுத்தும் ஷாட்வெல் என்ற இலவச மென்பொருளுக்காக 2019-இல் அதன் மீது வழக்கு வந்தது. ஐந்து இலக்கத் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று வந்த யோசனையை அறக்கட்டளை மறுத்தது. வழக்குச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. 2020 மே மாதச் சமரசத்தில், க்னோம் மட்டுமல்லாமல் அங்கீகரிக்கப்பட்ட திறமூல உரிமத்தில் வெளியாகும் மென்பொருள்கள் அனைத்தும் அந்த வழக்காளியின் காப்புரிமைகளிலிருந்து விடுவிக்கப்பட்டன.

தயாரிப்பை மாற்றுவது பலரும் கௌரவப் பிரச்சினையாக நினைக்கும் வழி. நான் அதைத்தான் பொறியாளர்களிடம் முதலில் கேட்கச் சொல்வேன். ஓசூரில் இயங்கும் டிவிஎஸ் மோட்டார், 2007-இல் இரட்டை ஸ்பார்க் பிளக் கொண்ட ஃபிளேம் பைக்கை அறிவித்ததும், அது தன் காப்புரிமையை மீறுவதாகப் பஜாஜ் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் காத்திருக்கவில்லை, ஒற்றை பிளக் எஞ்சினோடு அதே ஆண்டு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. இரு நிறுவனங்களும் இறுதியாகச் சமரசம் செய்துகொண்டது 2019-இல். வழக்கின் வயது பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை காலம் எந்தப் பொருளும் காத்துக்கிடக்க முடியாது.

ஆனால் மாற்றம் செய்தாலும், அதுவரை விற்றதற்கான இழப்பீட்டுக் கோரிக்கை நிற்கும். சில இடங்களில் மாற்றவே முடியாது. 4ஜி போன்ற தரநிலைகளுக்குள் புதைந்திருக்கும் காப்புரிமைகளைச் சுற்றிப் போகப் பாதை இல்லை. அங்கே சண்டை கட்டணம் எவ்வளவு என்பதைப் பற்றியதுதான். எரிக்சன் தொடர்ந்த வழக்கில் 2024 மார்ச்சில் கைபேசி விற்கும் லாவா நிறுவனம் 244 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய காப்புரிமைகளில் பேச்சுவார்த்தையை இழுத்தடிப்பது தற்காப்பு ஆகாது.

நோட்டீஸ் இந்தியக் காப்புரிமையை வைத்து வந்தால் நம் சட்டம் தரும் கருவிகள் வேறு. வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது பிரிவு 3(கே). காப்புரிமை வழங்கப்பட்டது வெளியாகி ஓராண்டுக்குள் அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனுப் போடலாம். அதன் பிறகும் உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். முன்பு இந்த மனுக்களை விசாரித்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்தது பிரிவு 106. ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு, மிரட்டலுக்குத் தடையும் இழப்பீடும் கேட்கலாம். டிவிஎஸ் சென்னையில் தொடுத்த வழக்கு இந்தப் பிரிவையும் பிடித்துத்தான் வந்தது. காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மிரட்டல் ஆகாது என்பதால், கடிதத்தின் வாசகத்தை வழக்கறிஞர் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்கக் கடிதமாக இருந்தால் எக்காரணம் கொண்டும் கிழித்துப் போடாதீர்கள். தெரிந்தே மீறியவர் என்று ஆனால் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. தெரியும் என்பதற்குச் சான்றே அந்தக் கடிதமாகிவிடும். தொடர்புள்ள மின்னஞ்சல்களையும் நிரல் வரலாற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். குற்றம் சாட்டப்படும் பகுதி வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளாக இருந்தால், அதை விற்றவர் இத்தகைய வழக்குகளில் உங்களைக் காப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் இதைப் பார்க்க மறந்துவிடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கொடுப்பதே சரியாக இருக்கும் தருணங்கள் உண்டு. காப்புரிமை உண்மையிலேயே வலுவானது, முந்தைய சான்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, அந்த அம்சத்தை நீக்கினால் தயாரிப்பே இல்லை, அனுப்பியவர் அதைத் தன் உழைப்பில் உருவாக்கியவர் என்றால், நியாயமான உரிமத்தொகை கொடுப்பது கடமை. காப்புரிமை முறை இருப்பதே அப்படிப்பட்டவருக்காகத்தான். அந்த நிலையிலும் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள்: இந்த ஒரு காப்புரிமைக்கு மட்டுமின்றி அனுப்பியவரிடமும் அவருடைய துணை நிறுவனங்களிடமும் உள்ள தொடர்புடைய எல்லாவற்றுக்கும் உரிமம், உங்கள் தயாரிப்பைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்களுக்கும் அதே பாதுகாப்பு, காப்புரிமை நாளை வேறு கைக்கு மாறினாலும் வாங்குபவரை இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற உறுதி.